ஏழு திருகாணிகள்

தராசு பூஜ்யத்தில் இல்லை. பையை நாங்கள் இன்னும் வைக்கவே இல்லை, அதற்குள் 0.2 என்று சிவப்பாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. விமான நிலையக் கவுன்ட்டரில் இருக்கும் பெண் அதைக் கவனிக்கவில்லை, என் ஆதார் அட்டையில் இருக்கும் பெயரையும் திரையில் இருக்கும் பெயரையும் மாறி மாறிப் பார்க்கிறாள், சிவா, சிவாகோ என்று உதடு அசைந்து நின்றுவிடுகிறது, சிவக்கொழுந்து என்று நான் எடுத்துக்கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. என் மனைவி தையல்நாயகியாக இருந்தால் பெயரை விட்டுவிட்டுத் தராசைத்தான் பிடித்திருப்பாள். ஏம்மா, ஒண்ணுமே வைக்காதப்ப இருநூறு கிராம் காட்டுதே, அது யாரோடது? இதைக் கேட்கும்போது அவள் குரலில் கோபம் இருக்காது. அந்த இருநூறு கிராமைத் தொலைத்தவரைக் கண்டுபிடித்து ஒப்படைக்கப் போகிறவள் மாதிரி கேட்பாள். காய்கறிக்காரர், பழைய இரும்புக் கடைக்காரர், சர்க்கரை ஆலை மேலாளர், எல்லாரிடமும் ஒரே குரல். முப்பத்தோரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவள், ஓய்வு பெற்ற பிறகும் எந்தக் கடையில் நின்றாலும் முதல் பார்வை தட்டின் மேல் போகாது, முள்ளின் மேல் போகும். முதல்ல பூஜ்யத்தைப் பாருங்க என்று எனக்கும் சொல்லிச் சொல்லி, இப்போது அவள் இல்லாமல் நான் பார்க்கிறேன், பார்த்துவிட்டுச் சும்மா நிற்கிறேன். மைத்துனன் பசுபதி பையைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டான். 4.3. "மேடம், இதுல அஸ்தி ஹை. மேரா அக்கா. பெஹன். அஸ்தி" என்கிறான், லாரித் தொழிலில் கற்றுக்கொண்ட இந்தி, பின்னால் நிற்கும் நாலு பேருக்கும் கேட்கிற குரல். அந்தப் பெண்ணின் கை விசைப்பலகையின் மேல் ஒரு கணம் நின்றது. ஸாரி சார் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். காகிதங்களைக் கேட்டாள். மருத்துவர் சான்றிதழ், மின் மயானத்தின் ரசீது, ஒவ்வொன்றும் மூன்று நகல் வைத்திருக்கிறேன், நகலுக்கு என்னிடம் குறைவே இருக்காது. கைப்பையாகவே கொண்டுபோகலாம், திறக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் மனதுக்குள் கழித்துக்கொண்டிருக்கிறேன். நாலு புள்ளி மூன்றில் பொய்யான இருநூறு போனால் நாலு புள்ளி ஒன்று, மகனுடைய அலுவலகத்தில் கொடுத்த இந்தக் கறுப்புத் தோள்பை ஒரு முக்கால் கிலோ, சுற்றியிருக்கிற அவளுடைய தேங்காய்ப்பூத் துண்டு ஒரு கால் கிலோ, மண் கலயம் எப்படியும் ஒரு கிலோவுக்குக் குறையாது, மிச்சம் இரண்டு சொச்சம். ஸ்வீட் கடைகளில் அவள் பெரிய சண்டையே போட்டிருக்கிறாள், டப்பாவைக் கழிச்சிட்டு எடை போடுங்க, நான் அட்டையைத் தின்ன வரலை என்று. டப்பாவைக் கழித்தாயிற்று. இரண்டு கிலோ சொச்சம். அது அவளா?

அது அவள்தானா என்று எனக்குத் தெரியாது. இதைப் பசுபதியிடம் சொல்லவில்லை, காலையில் விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போன மகன் மணிவாசகனிடமும் சொல்லவில்லை, அவன் குடும்பத்தோடு நாளைக்கு வருகிறான், ஒரே விமானத்தில் எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை, வந்ததும் முசிறியில் காவிரியில் அவன் கையால்தான் கரைக்க வேண்டும், அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று அம்மா என்று சொல்லி விடப்போவது யாரை? நேற்றுக் காலை மயானத்தில் அலமாரி மாதிரி ஒரு சிமென்ட் மேடை, அதில் கலயங்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் வயிற்றிலும் சாக்பீஸால் எண். நான் டோக்கனை நீட்டினேன். அந்த ஆள் கைப்பேசியில் யாரிடமோ மராத்தியில் பேசிக்கொண்டிருந்தார், தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு டோக்கனை வாங்கி ஒரு டப்பாவில் போட்டார், ஒரு கலயத்தை எடுத்தார், சிவப்புத் துணியை விரித்தார், வாய் கட்டி, வயிறும் மூடிக் கட்டி, முடிச்சின் மேல் முடிச்சு. பதிவேட்டை நகர்த்தி, இங்கே என்று விரலை வைத்தார். கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் அதே அளவு இன்னொரு கலயம், அதன் வயிற்றில் எண் பாதி அழிந்திருந்தது. பதினேழா, பதினொன்றா? எங்களுடையது பதினேழு. ரசீதில் இருக்கிறது, சட்டைப் பையில் இருக்கிறது, பதினேழு. ஆனால் அவர் கட்டிக்கொடுத்த கலயத்தில் என்ன எண் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை. பார்த்தோமோ, பார்த்து மறந்தோமோ என்று இரவெல்லாம் அந்தக் கையையும் கலயத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் அவருடைய பெருவிரல் எண்ணின் மேலேயே இருக்கிறது. கேட்டிருக்கலாம். திரும்பிப் போயிருக்கலாம். பசுபதி, "வாங்க மாமா, ஆட்டோ நிக்கிது" என்றான், நான் போய் ஆட்டோவில் உட்கார்ந்தேன். நான் யார்? மாவட்ட நீதிமன்றத்தில் நகல் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்தவன். தீர்ப்பு நகலின் அடியில் எழுதியவர், படித்தவர், ஒப்பிட்டவர் என்று மூன்று இடம் இருக்கும், மூன்றாவது இடம் என்னுடையது. ஒப்பிட்டவர் சிவக்கொழுந்து. எத்தனை ஆயிரம் பக்கங்களில் அந்தக் கையெழுத்து இருக்கும். அதில் எத்தனை பக்கத்தை உண்மையில் ஒப்பிட்டேன் என்பது எனக்குத் தெரியும், தையலுக்கும் தெரியும்.

பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை வளைந்து வளைந்து போகிறது, நாடா கட்டிய கம்பிகளுக்கு நடுவில் போன வழியிலேயே திரும்பி வருகிறோம், எதிரே வருகிறவர்களின் முகமே மறுபடி மறுபடி. பை என் தோளில்தான் இருக்கிறது. பசுபதி கேட்டான், "குடுங்க மாமா, நான் வச்சிக்கிறேன், ரெண்டு நாளா சாப்பிடாம எலும்பா நிக்கிறீங்க." வேண்டாம் என்றேன். "அக்காவைத் தூக்குறதுக்கு நீங்க சரியான ஆளுதான். உசிரோட இருந்தப்ப ஒரு படிக்கல்லைத் தூக்கச் சொன்னா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவீங்க." எனக்குச் சிரிப்பு வந்தது, வரும் என்று நினைக்கவில்லை. அவன் சொல்வது பொய் இல்லை. சோதனைக்கு எடுத்துப்போகிற இருபது கிலோ இரும்புக் கற்கள், காது வைத்த கற்கள், அவற்றை ஜீப்பிலிருந்து இறக்க உதவியாளர் வராத நாட்களில் அவளே இறக்குவாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல், ஒரு மூச்சு. பித்தளைக் கற்கள் தனி, மரப்பெட்டியில் வெல்வெட் குழிகளில் பெரியதிலிருந்து சின்னதாக உட்கார்ந்திருக்கும், அவற்றை வெறும் விரலால் தொடமாட்டாள், விரல் ஈரம் பட்டாலும் எடை மாறிடும்பா என்று குழந்தையாக இருந்த மணிவாசகனின் கையைத் தட்டிவிடுவாள், இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள், அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அரசு தந்த பெட்டியை வீட்டில் துடைத்துக்கொண்டிருப்பாள், நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். சரி பார்த்த தராசில் முத்திரை குத்துவாள், ஈயத்தில் சுத்தியால் ஒரே அடி, இரண்டாவது அடி கிடையாது. கடைக்காரர்கள் அவளைத் திட்டுவார்கள், முத்திரை வாங்கிய பிறகு தட்டை அவள் பக்கம் திருப்பி, அம்மா குத்தினது என்று வாடிக்கையாளர்களிடம் காட்டுவார்கள், இரண்டும் ஒரே ஆட்கள்தான்.

"எனக்கே சீல் வச்சவதானே" என்று பசுபதி ஆரம்பிக்கிறான், இந்தக் கதையை அவன் இந்த மூன்று நாளில் நாலு பேரிடம் சொல்லியாயிற்று, இப்போது வரிசையில் எங்களுக்கு முன்னால் நிற்கும் தமிழ்க்காரப் பெண்மணிக்குச் சொல்கிறான், திருப்பூராம், மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். "நான் கூட்டாளியோட சேர்ந்து வே பிரிட்ஜ் போட்டேங்க, லாரி எடை போடுற மேடை. தொறந்து ரெண்டு மாசம். சொந்த அக்கா, ஜீப்புல வந்து எறங்குறா. வாக்கான்னு காபி சொல்றேன். காபி இருக்கட்டும், குழியைத் தொறங்கறா." அந்தப் பெண்மணி, "அப்புறம்?" என்கிறார். "அப்புறம் என்ன, மேடைக்கு அடியில எவனோ ஒரு கட்டையைச் சொருகி வச்சிருக்கான். சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. என் கூட்டாளி வேலை. தெரியாதுன்னு சொல்றேன், அதையும் எழுதிக்கிட்டா. உரிமையாளர் தனக்குத் தெரியாது என்கிறார். போட்டுட்டு சீல் வச்சுட்டா." "தம்பின்னு பாக்கலையா?" "பாத்தாளே. கேஸு விசாரணைக்கு முந்தின ராத்திரி வீட்டுக்கு வந்து சாம்பார் சாதம் போட்டு, ஏண்டா இப்படி ஆளோட சேர்றேன்னு அழுதா. காலையில எந்திரிச்சு கோர்ட்டுக்குப் போயிட்டா." கட்டையைப் பார்க்கக் குழிக்குள் குதித்தாள் என்பதை அவன் சொல்லவில்லை, ஏணி இருந்தது, ஏணியைக் கொண்டுவருவதற்குள் கட்டையை எடுத்துவிடுவார்கள் என்று சேலையோடு குதித்தாள், கீழே எண்ணெய் சிந்தியிருந்தது, இடது கணுக்கால் உள்பக்கமாக மடிந்தது. குதித்த இடத்திலேயே உட்கார்ந்தபடி, எழ முடியாமல், கட்டையின் நீளம் அகலம் அளந்து சொன்னாள், உதவியாளர் மேலே நின்று எழுதினார். அதற்குப் பிறகுதான் வலிக்குது என்று சொன்னாளாம். பசுபதி இதைச் சொல்லாமல் விடுவது அவனால் தாங்க முடியாது என்பதால்தான், அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். ஒரு தகடு, ஏழு திருகாணி. டாக்டர் கொடுத்த எக்ஸ்ரே படத்தைச் சமையலறை ஜன்னலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து என்னைக் கூப்பிட்டாள், "ஏங்க, இங்க வாங்க. எண்ணிப் பாருங்க, ஏழு ஸ்க்ரூ. இனிமே என் எடையைக் கேட்டா இதைக் கழிச்சுத்தான் சொல்லணும்." படத்தை அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தாள், ஒரு சூரிய கிரகணத்தன்று மொட்டை மாடியில் தெருவே அந்தப் படம் வழியாகத்தான் சூரியனைப் பார்த்தது, ஒவ்வொருவராக வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள், என் காலு வழியா பாக்குறாங்க எல்லாரும் என்று அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். சீப்பு மாதிரி தகடும் பல்லும், அதற்குப் பின்னால் கடிபட்ட சூரியன்.

ஏன் மயானத்தில் அந்த ஆளிடம் கேட்கவில்லை. மராத்தி தெரியாது என்பது காரணம் இல்லை, எண்ணுக்கு மொழி வேண்டாம், விரலைக் காட்டினால் போதும். நான் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் நான்தான். என்னுடைய அந்தப் பழக்கம். தாளை நகர்த்தினால் கையெழுத்து. கல்யாணமான இரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன், ஒரு பாகப்பிரிவினைத் தீர்ப்பின் நகலில் வடக்கு என்பது தெற்கு என்று போய்விட்டது, ஒப்பிட்டவர் நான், இரண்டு அண்ணன் தம்பிகள் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிணற்றுக்காகத் தடியெடுத்துவிட்டார்கள், ஒருவருக்கு மண்டை உடைந்தது, எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. நான் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் குறிப்பாணையை இரண்டு முறை படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அவளுக்கு உரிமை இருந்தது, நாள் முழுக்க அதைத்தானே ஊரெல்லாம் கண்டிக்கிறாள். எந்தத் தராசும் சுத்தமா சரியா இருக்காதுங்க என்றாள். எங்க புத்தகத்துலயே இருக்கு, இவ்வளவு கிலோவுக்கு இவ்வளவு கிராம் வரைக்கும் முன்னப்பின்ன இருந்தா விடலாம்னு. அதுக்கு அனுமதிக்கப்பட்ட பிழைன்னு பேரு. அதுக்கு மேல போனாத்தான் நான் சீல் வைப்பேன். நான் கேட்டேன், நான் எதுல இருக்கேன், உள்ளயா மேலயா? அவள் யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், அவள் எதற்கும் உடனே ஆறுதல் சொல்பவள் இல்லை. விளிம்புல நிக்கிறீங்க என்றாள். மறுநாளே அந்தக் காயம் பட்டவரைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனாள், தப்பு என்னுதுன்னு சொல்லுங்க என்று வாசலில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள், சொன்னேன், அவர் தலையில் கட்டோடு உள்ளே போய் எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ஒரு பத்து வருஷம் ஒழுங்காக ஒப்பிட்டேன். பிறகு மறுபடி தளர்ந்தது. விளிம்பிலேயே நாற்பது வருஷம் ஓட்டிவிட்டேன் அவளோடு. இது விளிம்புக்கு உள்ளே வராது, தையலு. உன்னையே மாற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தால் அது எந்தப் புத்தகத்திலும் வராது.

வெள்ளைத் தொப்பி போட்ட அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கு வருகிறார். மயான பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கையில் டோக்கன், மருமகள் போல ஒரு பெண் கொடுத்த பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தின்றார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மனைவியா என்று கேட்டிருப்பார், நான் தலையை ஆட்டினேன். தன் நெஞ்சைத் தொட்டு அவரும் தலையை ஆட்டினார். அவருடைய டோக்கன் பதினொன்றாக இருக்குமோ. இந்நேரம் அவர்கள் ஏதாவது ஒரு ஆற்றங்கரையில் சிவப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டிருப்பார்களோ, அந்த நனைந்த விரல்கள் என் தையலை அள்ளி, வேறொரு பெயரைச் சொல்லி. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், போகிற வழியில் பூக்காரியின் தராசைப் பார்த்திருப்பாள். ஆனால் அவருடைய மனைவி, இங்கே என் தோளில், மொழி தெரியாத முசிறிக்கு. அந்தம்மாளுக்கு என்ன பெயரோ. நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் முதலில் இந்தப் பையிடம் கேட்க வேண்டும். கழிப்பறைக்குப் போய் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டால் என்ன? ஒரு நிமிஷ வேலை. கலயத்தின் வயிற்றில் பதினேழு என்று இருந்தால் மறுபடி கட்டிக்கொண்டு வந்துவிடலாம். இல்லாவிட்டால்? அல்லது எண்ணே அழிந்து போயிருந்தால், துணி உரசி, மூன்று நாள் தூங்காதவன் கண்ணுக்கு அது பதினேழாகவும் தெரியும், பதினொன்றாகவும் தெரியும். அதோடு இதைக் கழிப்பறையில் வைத்து அவிழ்ப்பதா? ஆற்றங்கரை வரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்று பூசை செய்தவர் சொன்னார். திறக்கக் கூடாது என்று கவுன்ட்டர் பெண்ணும் சொன்னாள். "மாமா, வேர்க்குது உங்களுக்கு" என்கிறான் பசுபதி. "மாத்திரை போட்டீங்களா? போடலையா? அக்கா இல்லைன்னதும் எல்லாத்தையும் விட்டாச்சு." மாப்ள, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். "சொல்லுங்க." அவன் முகத்தில் மூன்று நாள் தாடி, அதில் பாதி நரை, தையலுக்கு இருந்த அதே அகல நெற்றி. ஒண்ணுமில்ல, தண்ணி இருக்கா என்றேன். "தண்ணியை வாசல்லயே புடுங்கிட்டானே, உள்ள போய் வாங்கித் தரேன்."

வரிசை நகர்ந்து எங்களைக் கன்வேயர் பட்டைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. தட்டுகளை எடு, பெல்ட்டைக் கழற்று, கைப்பேசி, கடிகாரம், சில்லறை, எல்லாரும் வீட்டில் தனியாக இருப்பது போலக் கழற்றுகிறார்கள். பையைத் தட்டில் வைத்தேன். கை எடுக்க வரவில்லை. பட்டை தானாகவே அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போயிற்று, கறுப்பு ரப்பர் நாக்குகள் விலகி, மூடிக்கொண்டன. இரண்டு வாரத்துக்கு முன்னால் சென்னையில் இதே மாதிரி வாசலில் நின்றோம், மகனுடைய புது வீட்டைப் பார்க்கப் புறப்பட்டபோது, இருவருக்கும் முதல் விமானம், எனக்குப் பயம், அவளுக்கு வேடிக்கை. நான் ஆண்கள் வாசலில், அவள் பெண்கள் திரைக்குள், அவள் கால் பக்கம் வந்ததும் கருவி கீ கீ என்று கத்தியது எனக்கு வெளியே கேட்டது. உள்ளே அவள் குரல். கால்ல இருக்கும்மா, உள்ள, பிளேட்டு. மறுபடி வச்சுப் பாரு. மறுபடியும் கத்தியது. சரியா இருக்கு உங்க மிஷினு, நல்லா வேலை செய்யுது என்றாள் அந்தக் காவலர் பெண்ணிடம், சான்று கொடுக்கிற குரலில், திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் மதியம் மகன் வீட்டுப் பால்கனியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள், என் வேட்டியை இரண்டாக மடித்து, நாலாக மடிக்கும் முன் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். நான் இப்போது மரச்சட்டம் மாதிரி நிற்கிற அந்த வாசலுக்குள் போகிறேன். ஒரு சத்தமும் வரவில்லை. மேடையில் ஏறிக் கைகளை விரிக்கிறேன், கருவி மார்பில், இடுப்பில், காலில், மௌனம். என்னிடம் ஒன்றும் இல்லை. இறங்கி வந்து பார்த்தால் பட்டை நின்றிருக்கிறது.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் காவலர் கையைத் தூக்கி யாரையோ கூப்பிடுகிறார். தோளில் நட்சத்திரம் வைத்த ஒருவர் வந்து குனிந்து பார்க்கிறார். இந்தப் பை யாருடையது என்கிறார். பசுபதி பெல்ட்டை மாட்டிக்கொண்டே ஓடி, "அஸ்தி ஸார், அஸ்தி, காகஜ் ஹை" என்று என் நகல்களை நீட்டுகிறான். அவர் வாங்கி நிதானமாகப் படிக்கிறார், ரசீதையும் சான்றிதழையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, பெயரோடு பெயர், தேதியோடு தேதி, இவர் ஒப்பிடுகிறவர் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு ஏதோ கேட்கிறார். பசுபதி முகம் மாறிவிட்டது. "மாமா, கலயத்துக்குள்ள ஏதோ இரும்பு இருக்குங்கிறாரு. என்னன்னு சொல்லணுமாம். சொல்லலைன்னா தொறந்து பாக்கணுமாம்." இரும்பா? ஆணியா, அந்த ஆள் தட்டிலிருந்து வாரும்போது ஏதாவது சேர்ந்து வந்துவிட்டதா, இன்னொருவருடைய மோதிரமோ, இதோ, இதுதான், மாறிப்போனது இப்படித்தான் தெரியவேண்டும் என்று இருந்திருக்கிறது, எல்லார் முன்னாலும். நட்சத்திரம் வைத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். ஆரஞ்சு நிறத்தில் பை, அதற்குள் இளம் பச்சையாக ஒரு வட்டம், கலயம், அதற்குள் மேகம் மாதிரி, மணல் மாதிரி, அதன் நடுவில் கருநீலமாக, ஒரு விரல் நீளத்துக்குச் சாய்ந்து.

சீப்பு. தகடும் பல்லும்.

திரைக்கு அருகே போனேன், போகக்கூடாத இடம், யாரும் தடுக்கவில்லை. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்தேன். கிரகணத்தன்று மாடியில் பார்த்த அதே சாய்வு, மேல் முனையில் அதே சின்ன வளைவு, டாக்டர் எலும்புக்கு ஏற்றபடி வளைத்தது. அத்தனை நெருப்புக்குப் பிறகும் வளைவு அப்படியே இருக்கிறது. எண்ணிக்கை தப்புகிறது, முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. "என்ன மாமா எண்ணுறீங்க? அவரு கேக்குறாரு, பதில் சொல்லுங்க." நாலு, ஐந்து. தகட்டை விட்டுக் கழன்று தனியாகக் கீழே கிடப்பது ஆறு. தகட்டில் இரண்டு துளை காலி, அவற்றின் வழியாகப் பச்சை தெரிகிறது. கலயத்தின் அடி வரைக்கும் தேடினேன். ஆறுதான். நான் நிமிர்ந்து, என் இடது காலைத் தூக்கி, கணுக்காலைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. விபத்தா என்று கேட்டார், அந்தச் சொல் எனக்கும் புரிந்தது. டூட்டி என்றேன். ஆன் டூட்டி. அவர் என்னைப் பார்த்தார், திரையை ஒரு முறை பார்த்தார், காகிதங்களை மடித்த மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தார். "பேர் என்ன, அவங்க பேர்?" என்று பசுபதியிடம் இந்தியில் கேட்டார், நானே சொன்னேன். தையல்நாயகி. அவர் சொல்லிப் பார்த்தார், பாதி வந்தது, விடவில்லை, மறுபடி சொல்லிப் பார்த்தார், முழுதாக வந்தது. பையின் அட்டையை எடுத்து மேசையில் வைத்து முத்திரை குத்தினார். ஒரே அடி.

பை என் தோளுக்கு வந்துவிட்டது. நாங்கள் நடக்கிறோம், பசுபதி ஒரு கையில் என் கடிகாரமும் சில்லறையும், இன்னொரு கையால் என் முழங்கையைப் பிடித்திருக்கிறான், நான் விழுந்துவிடுவேன் என்று நினைக்கிறான், நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிகிறது, கண்ணாடி இன்னும் நெற்றியில் இருக்கிறது, முகமெல்லாம் நனைந்திருக்கிறது. நேற்றுக் காலையிலிருந்து நடந்ததை அவனிடம் சொன்னேன், டோக்கன், கலயம், அழிந்த எண், கையெழுத்து. தப்பு என்னுது மாப்ள என்று சொன்னேன், வாசலில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்த மாதிரி. அவன் நின்றுவிட்டான். "அடப்பாவி மனுஷா" என்றான், "இதை வச்சுக்கிட்டா ராத்திரி பூரா உக்காந்திருந்தீங்க?" பிறகு பையின் மேல் கையை வைத்தான், வைத்தபடியே கேட்டான், "அப்ப அந்தத் தகடு, அன்னைக்கு என் குழியில..." அதுதான் என்றேன். விமானத்துக்குப் போகிற கண்ணாடி நடையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"எத்தனை இருந்துச்சு மாமா?"

"ஆறு."

"ஏழு போட்டாங்களே. எனக்கு ஞாபகம் இருக்கு, நான்தான் ஆஸ்பத்திரி பில்லு கட்டுனேன், ஏழு. இன்னொண்ணு எங்க?"

மயானத் தட்டில் இருக்கலாம், அந்த ஆளின் துடைப்பத்தில் போயிருக்கலாம். பக்கத்துக் கலயத்தில் விழுந்து, வெள்ளைத் தொப்பிக்காரரின் மனைவியோடு ஏதோ ஒரு தண்ணீரில் இந்நேரம் அடியில் கிடக்கலாம். பையின் வாரைத் தோளில் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"விடலாம்" என்றேன். "அவ்வளவு வரைக்கும் விடலாம். உங்க அக்கா புத்தகத்துலயே இருக்கு."